கைகோப்பு முற்றம்

எங்கள் தீவு சின்னத் தீவு. தெற்குக் கரையில் ஒருத்தன் தும்மினால் வடக்குக் கரையில் இருக்கிறவன் "நூறு" என்பான். பாறை கறுப்பு, மணல் கறுப்பு. சில கல்லைத் தூக்கிக் கடலில் போட்டால் முழுகாது, மிதக்கும். எந்தக் காலத்திலோ காற்று மாறி இங்கே ஒதுங்கிய கப்பல்காரர்களின் வம்சம் நாங்கள். வேறு போக்கிடம் இல்லாததால் இதையே சொர்க்கம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

தீவின் நடுவில் ஒரு மடம். மடத்து முற்றத்தின் நடுவில் ஒரு வெடிப்பு. வடக்குத் தெற்காக நூல் பிடித்தமாதிரி ஓடும். ஆண்டுக்கு ரெண்டு விரல் அகலம் திறக்கும். மாசி மாதம் ஊர் கூடிச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்போம். அடுத்த மாசிக்குள் மறுபடி திறந்துவிடும். மறுபடி அடைப்போம். வெட்கமே கிடையாது எங்களுக்கு.

சாந்து ஒவ்வொரு வருசமும் ஒரு வீட்டு முறை. அதில்தான் எத்தனை வீறாப்பு! ஒரு வீடு செங்கல் பொடி போட்டுச் சிவப்பாக அரைக்கும். ஒரு வீடு கரித்தூள் போடும். இன்னொரு வீடு சிப்பிச் சுண்ணாம்பில் கடல்புறா முட்டையை உடைத்து ஊற்றிப் பால்போல் கொண்டுவரும். "எங்க சாந்து நிக்கும், பாரு" என்று மீசையை முறுக்குவார்கள். எவன் சாந்தும் நின்றதில்லை. சரியாக நடுவில் வெடித்து, பாதி கிழக்கே போகும், பாதி மேற்கே போகும்.

அடைப்பதற்கு முன்னால் கைகோப்பு. ஊரில் பிரிந்து கிடக்கிறவர்கள், பாகம் பிரித்த அண்ணன் தம்பியோ, வீட்டை விட்டு வந்த பெண்டாட்டியோ, வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக நின்று வலது கையைக் கோக்க வேண்டும். கோத்த கைக்குக் கீழே சாந்தை ஊற்றுவார்கள். பிறகு ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குப் போய் ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும். மனுசன் பிரிவதால்தான் பூமி பிரிகிறது என்பது ஊர் நம்பிக்கை.

வடிவு மட்டும் கை கோக்கவில்லை. மூன்று மாசியாகக் கோக்கவில்லை.

அவள் புருசன் கொம்பையா நல்ல வலைக்காரன், கெட்ட குடிகாரன். ஒருநாள் மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று அவள் வலது கையை அம்மிமேல் வைத்துக் குழவியால் அடித்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்றுவரை மடங்காது. அன்றைக்கே மடத்துக்கு வந்தவள்தான். அந்தக் கையைத்தான் அவன் கையோடு கோக்க வேண்டுமாம். 

நான் யார் என்று கேட்கிறீர்களா? மடத்துக்குத் தண்ணீர் சுமக்கிறவன். ஞானம் தேடி வந்து, வடிவு கைச்சோறு ருசித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டவன். முற்றத்தில் வெடிப்போரத்து மண் எப்போதும் சூடாக இருக்கும். அதில் பானையைப் புதைத்துவைத்தாள் என்றால் விறகே இல்லாமல் சோறு வெந்துவிடும். ஊரில் ஆதரவற்ற கிழடு கட்டை எல்லாம் மத்தியானம் அவள் பானையைச் சுற்றித்தான்.

எங்கள் குரு தவசிச் சாமி. பேர்தான் தவசி, ஒருவேளைப் பசி தாங்கமாட்டார். வடிவைவிடப் பத்து வயது இளையவர். அவர் அவளை "அக்கா" என்பார், அவள் அவரைச் "சாமி" என்பாள். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இந்த வருசம் வெடிப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரமே திறந்துகொண்டது. உள்ளே இருந்து சூடாக மூச்சு விட்டது, கந்தக நாற்றம் அடித்தது. அதே வாரம் வடகடலில் தண்ணீருக்கு நடுவே புகை கிளம்பியது. ஊருக்குக் குலை நடுங்கிப்போயிற்று.

ஊர்த்தலைவர் பலவேசம் மடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏ வடிவு, வெளிய வா."

அவள் மாவுக் கையோடு வந்தாள்.

"நீ வந்து சேர்ந்த நாள்லேருந்து ஒவ்வொரு வருசமும் வெடிப்பு பெருசாகுது. இப்பக் கடலே எரியுது. நாளைக் கழிச்சு ஊர் கூடுது. அன்னைக்குத்தான் சரக்குத் தோணியும் வருது. ஒண்ணு கொம்பையா கையைக் கோத்துட்டு வீட்டுக்குப் போ. இல்லன்னா தோணி ஏறு."

"தோணி ஏறி எங்க போவேன் அண்ணாச்சி?"

"அது உன் பாடு."

"நான் பொறந்தது இந்த மண்ணு."

"அதனாலதான் மண்ணு உன்னால வெடிக்குது."

 வடிவு வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மடங்காத ரெண்டு விரலும் கம்பிபோல் நின்றன.

"வெடிச்சது முதல்ல இது, அண்ணாச்சி. இதை அடைக்க எவனாவது சாந்து கொண்டுவந்தீகளா?"

பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் நேரே சாமியிடம் வந்தாள். சாமி அகலச் சட்டியில் ஆறவைத்த கேப்பைக் கூழுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கூழில் பாதி என் பங்கு.

"சாமி, ஒரே கேள்விதான். பூமி என்னாலயா பிளக்குது?"

"கையைக் கொடுத்துட்டு எடுத்துக்கிட்டா என்ன அக்கா? ஒரு நிமிச வேலைதானே."

"கை என்னோடது."

"ஊரே சொல்லுதே."

"ஊருக்கு ஆயிரம் கை இருக்கு. அதைக் கொடுக்கட்டும். நீங்களும் போகச் சொன்னா, கடல்ல விழுந்தாலும் விழுவேனே தவிர அவன் சட்டியில சாப்பிட மாட்டேன்."

சாமி சிரித்தார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர் சட்டியைக் காட்டினார்.

"இது என்ன?"

"கூழ்."

"மேல என்ன?"

"ஆடை. ஆறினா ஆடை படியும்."

சாமி ரெண்டு கட்டை விரலையும் ஆடையின் நடுவில் வைத்து, ஒன்றைக் கிழக்கே, ஒன்றை மேற்கே மெல்லத் தள்ளினார். ஆடை கிழிந்தது. கிழிந்த இடத்தில் அடியில் கிடந்த சூட்டுக் கூழ் பொங்கி மேலே வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். வந்த கூழும் ஆறி ஆடை கட்டியது. சாமி மறுபடி தள்ளினார். மறுபடி நடுவில்தான் கிழிந்தது. மறுபடி அடியில் இருந்தது வந்தது.

"கிழிக்கிறது யாரு சாமி?"

"இங்க என் விரல், பூமியில அடுப்பு. அடியில கொதிக்கிறது மேல ஆடையைச் சும்மா இருக்க விடுமா? கடலுக்கு அடியிலயும் இப்படி ஒரு சட்டி இருக்கு. கொள்ளை நீளக் கிழிசல். தரை ரெண்டு பக்கமும் விலகும். நெருப்புக் குழம்பு மேல வரும், தண்ணி பட்டுக் கல்லாகும், அந்தக் கல்லும் விலகும்."

"வந்துகிட்டே இருக்குமா?"

"சில இடத்துல கொஞ்சமா வரும். சில இடத்துல பொங்கிப் பொங்கிக் குவியும்."

"குவிஞ்சா?"

 சாமி விரலை நக்கிவிட்டுக் கூழைக் குடிக்க ஆரம்பித்தார். என் பங்கையும் சேர்த்துக் குடித்தார். ஞானம் வந்தால் எனக்குச் சோறு போய்விடும், அது என் தலையெழுத்து.

மறுநாள் விடிந்ததும் "படகை எடு" என்றார். வடிவும் நானும் துடுப்புப் போட்டோம். வடக்கே போகப் போகத் தண்ணீர் வெதுவெதுவென்று ஆனது. செத்த மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மிதக்கும் கற்கள் படகில் மோதிக் கடகடவென்றன.  "போதும் சாமி, திரும்பிருவோம்" என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புகைக்கு அடியில் நிலம் இருந்தது.

ஒரு களத்துமேடு அளவுதான். கன்னங்கரேல் என்று, ஈரமாக, ஓரமெல்லாம் ஆவி சீறிக்கொண்டு, அப்போதுதான் பிறந்து கிடந்தது. அலை அதன்மேல் ஏறி அடித்தது. அடித்த அலை கொதித்துப் போனது. மேடு அசையவில்லை. ஒரு கடல்புறா வந்து உட்காரப் பார்த்தது. கால் சுட்டு எழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உட்காரப் பார்த்தது.

வடிவு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது போன மாசம் இல்லையே சாமி."

"இல்லை."

"வலை போட்டிருக்கோம் இந்த இடத்துல. அடி தெரியாத ஆழம்."

"ஆமா" என்ற சாமி தெற்கே கையைக் காட்டினார்.

"பின்னால திரும்பிப் பாரு அக்கா."

அவள் திரும்பினாள். தூரத்தில் எங்கள் தீவு. அதன்மேல் மடத்துக் கொடிமரம். இடையில் கடலில் தலை நீட்டிய பழைய கறுப்புப் பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாக. படகு, பாறைகள், கொடிமரம், எல்லாம் ஒரே வரிசை. முற்றத்து வெடிப்பை அப்படியே கடலுக்கு நீட்டினால் இங்கே வந்து சேரும்.

வடிவு புது மேட்டையும் தீவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நம்ம தீவு?"

"பசிக்குது. துடுப்பைப் போடுங்க" என்றார் சாமி.

திரும்பி வந்ததும் அவளிடம் விளக்குமாறும் தென்னை நார்ப் பொட்டலமும் கொடுத்தார்.

"நாளைக்கு ஊர் கூடுது. முற்றத்தைக் கழுவிவிடு. மேல படிஞ்ச மண்ணு, பாசி, சாம்பல், எதுவும் இருக்கக்கூடாது. இந்தச் சுவருலேருந்து அந்தச் சுவருவரைக்கும்."

வடிவுக்கு வந்ததே கோபம்!

"என்னைத் துரத்த வாறவனுக்கு நானே முற்றம் கழுவி வைக்கணுமா? நல்லா இருக்கு நியாயம்!"

"நல்லா அழுத்தித் தேய்" என்று சொல்லிவிட்டுச் சாமி படுக்கப் போய்விட்டார்.

அவள் திட்டிக்கொண்டே தேய்த்தாள். ஊரைத் திட்டினாள், புருசனைத் திட்டினாள், சாமியையும் விடவில்லை. நான் தண்ணீர் ஊற்றினேன். பரம்பரையாக மிதித்து மிதித்துக் கெட்டிப்பட்ட அழுக்கு அது. யாரும் அதைத் தேய்த்துப் பார்த்ததில்லை. வெடிப்பை மட்டும் பார்ப்போம், அடைப்போம், போவோம். பொழுது சாயும் நேரத்தில் அவள் திட்டுவது திடீரென்று நின்றது. என்னவென்று பார்த்தேன். விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மீதி இடத்தையும் வாயைத் திறக்காமல் தேய்த்து முடித்தாள்.

மறுநாள் காலை ஊர் வந்தது. பலவேசம் முன்னால், கொம்பையா குளித்துத் திருநீற்றுப் பட்டை போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால். கரையில் தோணி வந்து நின்றது. வடிவின் துணி மூட்டையை யாரோ ஏற்கெனவே எடுத்து வாசலில் வைத்திருந்தார்கள். எத்தனை அக்கறை பாருங்கள்.

உள்ளே கால் வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

முற்றம் முழுக்கக் கோடு. சுங்குடிச் சேலையின் கரைமாதிரி சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சாம்பல் எனப் பட்டை பட்டையாக, மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவர்வரை.

"ஏ, இது எங்க வீட்டுச் சாந்து!" என்று ஒரு கிழவர் கத்தினார். "முட்டை வெள்ளை! எங்கப்பா அரைச்சது!"

"இந்தக் கறுப்பு எங்களுது!"

தகராறு கிளம்பிவிட்டது. தோணியை மறந்தார்கள், வடிவை மறந்தார்கள். ஆளுக்கொரு கோட்டின்மேல் நின்றுகொண்டு பெருமை பேசினார்கள். பலவேசமும் சும்மா இருப்பாரா? குனிந்து தேடிக்கொண்டே போய், மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோட்டில் கால் பெருவிரலை ஊன்றினார்.

"இது எங்க தாத்தா போட்டது. கொல்லத்துச் செங்கல் பொடி. இந்தச் சிவப்பு வேற எந்த வீட்டுக்கும் வராது."

"அண்ணாச்சி" என்றாள் வடிவு.

அவள் கிழக்குச் சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் காலடியிலும் அதே சிவப்பு.

பலவேசம் அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார்.

"அது எப்படி ரெண்டு இடத்துல?"

சாமி அப்போதுதான் வெளியே வந்தார். வாயில் பொரிகடலை.

"உம்ம தாத்தா எத்தனை கோடு போட்டாரு?"

"ஒண்ணுதான். ஒரு முறைக்கு ஒண்ணுதானே."

"எதுல போட்டாரு?"

"வெடிப்புல."

"வெடிப்பு அங்க நடுவுல இருக்கு. நீரு இங்க சுவர் ஓரத்துல நிக்கீரு."

 கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் தன் கோட்டுக்கு ஜோடியைத் தேட ஆரம்பித்தார்கள். முட்டை வெள்ளைக்கு எதிர்ப்பக்கம் ஒரு முட்டை வெள்ளை. கரிக்கு ஒரு கரி. இந்தப் பக்கம் எந்த வரிசையோ அந்தப் பக்கமும் அதே வரிசை. ஓரத்தில் பழசு, நடுவில் புதுசு.

"உம்ம தாத்தா காலத்துலயும் பிளந்துதா?"

"பிளந்துது. அதான் அடைச்சாரு."

"வடிவக்கா அப்பப் பொறந்திருந்தாளா?"

யாரோ பின்னால் கிளுக்கென்று சிரித்தார்கள். பலவேசத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"விதண்டாவாதம் வேண்டாம் சாமி! அவளால பிளக்கலைன்னே வச்சுக்கிடுவோம். பிரிஞ்சது சேரணும், அவ்வளவுதான். அது இந்த மண்ணோட மரபு. ஏ கொம்பையா, போ. கையை நீட்டு."

கொம்பையா வெடிப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று கையை நீட்டினான். வெடிப்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கூட்டம் வடிவைப் பார்த்தது. கரையில் தோணிக்காரன் சங்கு ஊதினான்.

அவள் விடுவிடென்று நடந்து வந்து இந்தப் பக்கம் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் திறந்தேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கோக்க மாட்டேன். தோணியும் ஏற மாட்டேன். தூக்கிப் போடணும்னா தூக்கிப் போடுங்க. நீந்தித் திரும்பி வருவேன்."

"சாமி!" என்று பலவேசம் கத்தினார். "உங்க சிஷ்யை பேசுதது நல்லா இருக்கா? நீங்களே சொல்லுங்க. பிரிஞ்சதைச் சேர்க்கணுமா, வேண்டாமா?"

சாமி மீதிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு கையைத் தட்டினார்.

"சேர்த்திருவோம்" என்றார்.

வடிவு திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். 

"மரபுன்னா மரபு. முதல்லேருந்து வருவோம். உம்ம தாத்தா சிவப்பு ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. அது ரெண்டையும் முதல்ல பழையபடி ஒட்ட வைப்போம். நடுவுல நிக்கிறவங்க எல்லாரும் எங்கயாவது கொஞ்சம் போய்க்கிடுங்க."

கூட்டம் தன் காலடியைப் பார்த்தது.

ரெண்டு சிவப்புக்கும் நடுவில்தான் ஊர் முழுக்க நின்றது. பலவேசத்தின் தம்பி குடும்பம் நின்றது. முட்டை வெள்ளைக் கிழவர் நின்றார். மடத்துக் கிணறு இருந்தது. வடிவின் பானைகள் புதைத்த சூட்டு மண் இருந்தது. கை நீட்டிக்கொண்டு கொம்பையாவும் அங்கேதான் நின்றான்.

யாரும் நகரவில்லை. நின்ற தரை முழுக்கப் பிளந்து பிளந்து வந்தது; போக வேறு இடம் இருந்தால்தானே?

கொம்பையா ஒருமுறை தன் காலைப் பார்த்தான், ஒருமுறை நீட்டிய கையைப் பார்த்தான். கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு யாரையும் பார்க்காமல் வாசல் வழியாகப் போய்விட்டான். தோணியின் சங்கு ரெண்டாவது தடவை ஊதியது. வாசலில் இருந்த மூட்டையை எடுத்துக் கரைக்குக் கொண்டுபோக ஒருத்தரும் குனியவில்லை. நான்தான் குனிந்தேன். எடுத்து உள்ளே கொண்டுவந்து வைத்தேன்.

பலவேசம் தொண்டையைச் செருமினார். தலைவர் இல்லையா, கடைசிப் பேச்சு அவருடையதாக இருக்க வேண்டும்.

"சரி. வெடிப்பு திறந்து கிடக்கு. அடைக்காம விடமுடியாது. இந்த வருசம் யார் வீட்டு முறை?"

"நான் போடுதேன்" என்றாள் வடிவு.

"நீயா? முறை வீட்டுக்குத்தான். புருசனை விட்டுட்டு வந்தவளுக்கு இந்தத் தீவுல இடம் ஏது, வீடு ஏது?"

 வடிவு மடங்காத விரல்களோடு சாந்துச் சட்டியை இழுத்து வெடிப்போரம் வைத்தாள்.

சாமி பலவேசத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த மாசிக்கு வந்து பாரும். அவ இடம் ரெண்டு விரல் அகலம் இருக்கும்."